சேன் புரூனோவில் ரவை

மறைமலைநகரில் ரயில் ஏறினால் நுங்கம்பாக்கத்தில் இறங்கலாம். வண்டி மாற வேண்டியதில்லை. அங்கிருந்து காலேஜ் ரோட்டுக்கு நடந்தால் அலியான்ஸ் பிரான்சேஸ். 1953இலிருந்து சென்னைக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் இடம். 2017 கோடையில், கிரெனோபிளில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்த கையோடு, சனி ஞாயிறுகளில் அங்கே போய் உட்கார்ந்தேன். என் பெயர் இன்னது, எனக்கு இத்தனை வயது, நான் இந்தியன், எனக்குச் சினிமா பிடிக்கும். இந்த நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். பிரான்ஸில் போய் இறங்கிய பிறகு என் வயதை யாரும் கேட்கவில்லை. சினிமா பிடிக்குமா என்றும் கேட்கவில்லை. பை வேண்டுமா, சில்லறை இருக்கிறதா, இங்கேயே சாப்பிடவா எடுத்துப்போகவா என்றுதான் கேட்டார்கள். அதற்கெல்லாம் பாடம் பிற்பாடு வருவதாக இருந்ததோ என்னவோ.

“பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான்டா, பிரெஞ்சே வேணாம்” என்று எனக்கு முன்னால் அங்கே போன திருச்சிக்கார அண்ணன் ஒருவர் போனில் தைரியம் சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. மின்சக்தியில் முதுகலை, வகுப்பு முழுக்க இங்கிலீஷ். அந்த ஊரில் அந்தப் படிப்பு வேர்விட்டதற்கு மலைதான் காரணம். அரிஸ்தித் பெர்ஜெஸ் என்ற பொறியாளர் 1869இல், பக்கத்து லான்சேயில், 200 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரை இறக்கித் தன் மரக்கூழ் ஆலையை ஓட்டினார். மலையில் உருகி இறங்கும் தண்ணீருக்கு ‘வெள்ளை நிலக்கரி’ என்ற பெயரைப் பரப்பியவர் அவர். 1925இல் அதற்கென்றே கிரெனோபிளில் ஒரு சர்வதேசக் கண்காட்சி நடந்தது. அப்போது கான்கிரீட்டில் கட்டிய பெர்ரே கோபுரம் பூங்காவில் இன்னும் நிற்கிறது. இதையெல்லாம் இங்கிலீஷில் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்து ஒரு ரொட்டி வாங்குவதுதான் பெரும்பாடு.

லியோன் விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். வொரெப் என்ற இடத்தில் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர, நடுவில் இருக்கும் சந்துக்குள் பஸ் நுழைகிறது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பையனுக்கு மலை என்றால் சிங்கப்பெருமாள் கோயில் குன்று, மிஞ்சிப்போனால் திருக்கழுக்குன்றம். ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறிக் கும்பிட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இங்கே பஸ் ஜன்னலில் கன்னத்தை ஒட்டவைத்து அண்ணாந்தும் உச்சி தட்டுப்படவில்லை.

ஆனால் ஊர் மலைமேல் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு கொண்டை ஊசி வளைவுகூட வரவில்லை. இசேர், ட்ராக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், கடல்மட்டத்துக்கு 200 மீட்டர் சொச்சம் மேலே, தாம்பாளத்தின் அடியைப்போலத் தட்டையாகக் கிடக்கிறது கிரெனோபிள். மலைகள் அதன் விளிம்பு. வடக்கே ஷார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்தோன். பெல்தோனின் உச்சி 2,977 மீட்டர். கோடையில் காற்று அசையாமல் வேகும், குளிர்காலத்தில் புகைமூட்டம் வெளியேற வழியில்லாமல் தேங்கும் என்பதெல்லாம் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டது.

செப்டம்பரில் அந்த மலைகள் எனக்கு வேறு விதத்தில் உதவின. போனில் சிம் இல்லை. சிம்முக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும், சான்றுக்கு விண்ணப்பிக்க ஒரு பிரெஞ்சு போன் நம்பர் வேண்டும் என்று சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வழி கேட்கலாம் என்றால், கேட்பது சுலபம், பதில் புரிய வேண்டுமே. அதனால் மலையைப் பார்த்து நடந்தேன். செங்குத்துச் சுவராக நிற்பது வெர்கோர். அதை நோக்கிப் போனால் ரயில் நிலையம். கூர்கூராகத் தூரத்தில் தெரிவது பெல்தோன். அந்தப் பக்கம் என் விடுதி. தலைக்குமேல் பஸ்தீய் கோட்டை தெரிந்தால் பழைய ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். எந்தத் தெருமுனையில் நின்றாலும் மூன்றில் ஒன்று கண்ணில் படும். மேகம் இறங்கிய நாளில் மட்டும் டிராம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது.

அந்த ஊரில் இன்னொரு விசித்திரம், படிக்க எதுவும் இல்லை. நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒருவன் வாசித்துக்கொண்டே வரலாம்: பட்டுப்புடவை, வீட்டுமனை, மூட்டுவலி, நீட் பயிற்சி. நான் எழுத்துக்கூட்டக் கற்றதில் பாதி அந்தப் பலகைகளில்தான். கிரெனோபிளிலோ, 2014இல் பதவிக்கு வந்த நகராட்சி விளம்பரப் பலகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து, தெருவில் இருந்த 326 பலகைகளை எடுத்துவிட முடிவு செய்திருந்தது. அந்த இடங்களில் மரம் நடப்போவதாகச் சொன்னார்கள். நல்ல காரியம்தான், நம்மூரில் யாராவது செய்தால் ஓட்டுப் போடுவேன். ஆனால் பாஷை தெரியாமல் வந்து நிற்பவனுக்குச் சுவரொட்டியைவிடப் பொறுமையான வாத்தியார் கிடையாது. அவரை நான் போவதற்கு முன்பே அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே வரிசையில் நின்று படித்தேன்.

ரொட்டிக் கடையில்தான் அது தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் கற்ற முழு வாக்கியத்தையும் விடுதியிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டு போய், கடைக்கார அம்மாவிடம் பிசகில்லாமல் ஒப்பித்தேன். அந்த அம்மா ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு, “அவெக் ஸஸி?” என்றார். என் பாடப்புத்தகத்தில் அது இல்லை. மறுபடி கேட்டார். பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எங்கள் அப்பா மளிகைக் கடையில் ஒவ்வொரு சாமானை மடித்து வைத்ததும் “வேற?” என்பாரே, அதுதான் இது என்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று. யாரும் சொல்லிப் புரியவில்லை. கடை ஓரமாக நின்று, எனக்கு முன்னால் வருகிறவர்களிடம் அந்த அம்மா அதையே கேட்பதையும், அவர்கள் சொல்லும் பதிலையும் கேட்டுக் கேட்டுத்தான்.

அதன்பிறகு கூட்டம் இருக்கும் கடையாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன். தாம்பரத்தில் டிக்கெட் கவுண்டரில் நாலு பேரைத் தள்ளிக்கொண்டு கை நீட்டிப் பழகியவன், இங்கே வயதானவர்கள் வந்தால் ‘நீங்க போங்க’ என்று கையால் வழிவிட்டேன். எத்தனை நல்ல பையன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு இன்னும் இரண்டு உரையாடல் ஓசியில் கிடைத்தது. நான் கற்ற நீண்ட மரியாதை வாக்கியத்தை அங்கே யாரும் சொல்வதில்லை. சாமான் பெயர், கூடவே ஒரு ‘ஸில் வூ ப்ளே’, அவ்வளவுதான். ஆனால் கடைக்குள் கால் வைத்ததும் ‘போன்ஜூர்’ சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் காதில் போனோடு வந்த உள்ளூர் ஆள் ஒருவன் நேராக ரொட்டியைக் கேட்டான். கடைக்கார அம்மா கையை அசைக்காமல் அவனைப் பார்த்து “போன்ஜூர்” என்றார். அவன் போனை இறக்கிவிட்டுப் பதிலுக்குச் சொல்லும்வரை ரொட்டி நகரவில்லை. பாஷை தெரிந்தவனுக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம். அன்றிலிருந்து போன்ஜூரைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

உச்சரிப்புக்கு ‘பி’ லைன் டிராம். நிறுத்தத்தின் பெயர் பலகையில் எழுத்தாக இருக்கும். உள்ளே ஒலியாக வரும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பதே பயிற்சி. எழுதியதில் பாதியை அவர்கள் வாய்க்குள் போட்டுக்கொள்கிறார்கள் என்பது ஊர் மேயராக இருந்த டூபெதூ பெயரிலுள்ள நிறுத்தத்தைக் கடக்கும்போதே தெரிந்துவிடும். கடைசியில் இருக்கும் ‘ட்’ எழுத்தோடு சரி. கேட்டதையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த மறைமலை அடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டவர்; நோட்டில் அணிவகுத்த ஜ, ஷ, ஸ எழுத்துகளைப் பார்த்திருந்தால் என்னைத் தெருப்பக்கம் விட்டிருக்க மாட்டார். அந்த நோட்டில் வேறு ஒரு சிக்கலும் இருந்தது. ‘புவாசோன்’ என்று ஒரே மாதிரி இரண்டு இடத்தில் எழுதி வைத்திருந்தேன். அழுத்திச் சொன்னால் மீன், மென்மையாகச் சொன்னால் குடிக்கிற பானம். நம் ‘ப’ இரண்டுக்கும் பொது. மாணவர் உணவகத்தில் இரண்டு பலகையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

எண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எழுபதை அறுபதும் பத்தும் என்கிறார்கள். எண்பது, நாலு இருபது. தொண்ணூற்றேழு என்றால் நாலு இருபதும் பதினேழும். விலையைச் சொல்லும் வேகத்தில் இதை யார் கூட்டுவது? கல்லாவின் சின்னத் திரையைக் கண்ணால் தேடுவேன். திரை கடைக்காரர் பக்கம் திரும்பியிருந்தால் பெரிய நோட்டாக நீட்டிவிடுவேன். பர்ஸில் சில்லறை ஏறிக்கொண்டே போனது.

அப்படிக் கல்லாவை எட்டிப் பார்க்கிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மறைமலைநகர் 1980இல் சி.எம்.டி.ஏ. திட்டமிட்டு உருவாக்கிய ஊர். சிட்கோ தொழிற்பேட்டை, 90களின் கடைசியில் ஃபோர்டு, அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள். வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வந்து இறங்கினார்கள். ஷிப்டு முடிந்து ஆறேழு பேராக எங்கள் கடைக்கு வருவார்கள். ஒருவன் மட்டும் முன்னால் வந்து விரலால் காட்டுவான். மற்றவர்கள் பின்னால் நின்று அவன் வாயையே பார்ப்பார்கள். அப்பா முதலில் சத்தமாகத் தமிழ் பேசிப் பார்த்தார். சத்தம் போட்டால் பாஷை புரிந்துவிடும் என்று உலகத்தில் எல்லாரும் நம்புகிறோம். பிறகு சத்தத்தைக் குறைத்து, பெட்டிகளின் மூடியைத் திறந்து வைத்தார். அவல், பொரி, பருப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. அவர்கள் ‘சூடா’ என்றால் அவல், ‘முடி’ என்றால் பொரி என்று தெரிந்துகொண்டார். கடுகெண்ணெய் வாங்கி அடுக்கினார். விலையை வாயால் சொல்லாமல் பழைய காலண்டர் தாளில் பென்சிலால் எழுதிக் காட்டினார். எங்களைப் பொறுத்தவரை அது வியாபாரம். சொல்லப்போனால் கொஞ்சம் சிரிப்பும். ஒருவன் பொரி கேட்டுவிட்டுப் போன பிறகு, தலையைத் தொட்டு ‘முடி’ என்று நானும் தம்பியும் செய்த நையாண்டி இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

கிரெனோபிள் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், தண்டவாளத்தைத் தாண்டினால், சேன் புரூனோ சதுக்கம். அங்கே காய்கறிச் சந்தை கூடும். புதினா, கொத்தமல்லிக் கட்டுகளைப் பார்த்ததும்தான் ஏதோ தெரிந்த ஊருக்கு வந்த நினைப்பு. சுற்றிலும் அல்ஜீரியா, துனிசியா பக்கத்திலிருந்து வந்தவர்களின் கடைகள். எனக்கு உப்புமா ஆசை. ரவைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாது. ஒரு மளிகைக் கடைக்குள் போய் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு நின்றேன். நடுத்தர வயதுக் கடைக்காரர் என்னென்னவோ கேட்டார். நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பொடி என்று காட்டினேன். மிளகாய்த்தூளை எடுத்தார். இல்லை என்றேன். உப்பு. இல்லை. மாவு. தலையை அரைகுறையாக ஆட்டினேன். அவருக்கு அது ஆமாவா இல்லையா என்று விளங்கவில்லை. பிறகு ஏதோ தோன்றி, கல்லாவை விட்டு இறங்கி வந்து, கீழே இருந்த மூன்று சாக்குகளின் வாயைப் பிரித்தார். பெரிய குருணை, நடுத்தரம், நைஸ். கையை விடு என்று சைகை செய்தார். மூன்றாவது சாக்கில் கை விட்டதும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. “ஸ்மூல் ஃபீன்” என்று அவர் மெதுவாக, எனக்காக, இரண்டு தடவை சொன்னார். அவர்கள் கூஸ்கூஸ் செய்யும் கோதுமைக் குருணையின் நைஸ் ரகம். ஒரு கிலோ கட்டி, விலையைச் சீட்டில் எழுதிக் காட்டினார். அவர் பேசிய பிரெஞ்சும் அவர் கடல் தாண்டி வந்து பேசுகிற பிரெஞ்சுதான். அதனால்தானோ என்னவோ வேகம் இல்லை.

அன்றிரவு விடுதி வைஃபையில் அப்பாவிடம் சொன்னேன். “சாக்கைப் பிரிச்சுக் காட்டினானா? அதான்டா கடைக்காரன்” என்றார். அம்மா குறுக்கே வந்து, தாளிக்கக் கடுகு கிடைத்ததா என்று கேட்டார். அது இன்னொரு வாரக் கதை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் பந்த் நாள் மாதிரி. ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கும். வரிசையும் இல்லை, பாடமும் இல்லை. பஸ்தீய் கோட்டைக்கு ஏறினேன். 19ஆம் நூற்றாண்டில் ஜெனரல் அக்ஸோ கட்டிய கோட்டை, 476 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து 1934 முதல் ரோப்கார் ஓடுகிறது. இப்போது கண்ணாடி உருண்டைகளாக வரிசையாக இசேரின் மேல் போகும். டிக்கெட் ஜன்னலில் பேச வேண்டியிருக்குமே என்று நான் சேன் லோரான் தெருப் படிகளில் நடந்தே போனேன். அங்கேதான் ஓர் ஆச்சரியம். கீழே தெருவில் முகம் பார்க்காமல் போகிறவர்கள், மலைப்பாதையில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் போன்ஜூர் சொல்கிறார்கள். என்னிடம் மெருகேறியிருந்த ஒரே சொல் அது. மூச்சு வாங்க வாங்க, கோட்டை வாசல் வரை நான் பிசிறில்லாத பிரெஞ்சு பேசிக்கொண்டு போனேன்.

மேலே ஒரு பெரியவர் கைத்தடியோடு கைப்பிடிச்சுவரில் சாய்ந்திருந்தார். நான் மலைகளைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தடியால் ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொன்னார். மூஷ்ரோத். நான் திருப்பிச் சொன்னேன். தலையசைத்து, அடுத்தது. நடுநடுவே உயரத்தையும் சொன்னார். அதை விட்டுவிட்டேன், நாலு இருபது வந்துவிடும். தூரத்தில் மிக வெளிறித் தெரிந்த ஒன்றைக் காட்டி “மோன் பிளான்” என்றார். வினைச்சொல்லே இல்லாமல் அத்தனை நேரம் ஒரு மனிதரோடு நான் பேசியதில்லை. கடைசியில் எந்த ஊர் என்று கேட்டார். தெற்கு இந்தியா என்றதும் அவர் முகம் மலர்ந்தது: “பொந்திஷேரி!”

தெற்கு இந்தியா என்று சொன்னால் பிரெஞ்சுக்காரர்கள் பலருக்கும் முதலில் அந்த ஊர்தான் வரும். பொந்திஷேரிக்கு வடக்கே என்று கையால் காட்டிச் சமாளித்தேன். மனசில் ஓடியது வேறு. கோவளமும் செங்கல்பட்டுக் கோட்டையும்கூட ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தவைதான். 1752இல் கிளைவ் வந்து பிடித்தார். கடப்பாக்கத்துக்குப் பக்கத்து ஆலம்பறைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கிடைத்து, பத்து வருடத்தில் ஆங்கிலேயரால் இடிபட்டது. அந்தச் சண்டையில் கொஞ்சம் இப்படி அப்படி ஆகியிருந்தால், நுங்கம்பாக்கம் வகுப்புக்கு ரயில் ஏறாமலே இந்த மொழி எங்கள் வாயில் இருந்திருக்கும். இங்கிலீஷுக்கு லண்டனில் தடுமாறிக்கொண்டிருந்திருப்போம். இதைப் பெரியவரிடம் சொல்ல எனக்கு ஆறு காலங்களும் நிபந்தனை வாக்கியமும் தெரிந்திருக்க வேண்டும். சிரித்து வைத்தேன்.

அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சு மையத்தில் மாலை வகுப்பு கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்களுக்காக 1896இலேயே ஒரு குழு அமைத்த ஊர் அது. எங்களைப்போல் விழிக்கிறவர்களை அப்போதே நூற்றிருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எகிப்திய எழுத்தைப் படித்துக்காட்டிய ஷாம்போலியோன் படித்ததும் பாடம் சொன்னதும் இந்த ஊரில்தான். அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்: அவருக்கு எதிரே நின்று யாரும் அவசரப்படுத்தவில்லை.

எஸ்டகாட் என்ற இன்னொரு சந்தை, ரயில் பாலத்துக்குக் கீழே நடக்கும். அப்போது பச்சை வால்நட் காலம். 1938இலேயே புவிசார் பெயர் வாங்கிய சரக்கு அது. ஒரு விவசாயி அம்மா ஒன்றை உடைத்து, உள்தோலை உரித்துக் கையில் வைத்தார். பாலேறிய தேங்காய்க்கு உள்ள மணம். எனக்கு முன்னால் நின்ற பெண் வாங்கியதையே, அவள் சொன்ன வாக்கியத்தாலேயே நானும் வாங்கினேன்: “ஜ வே இ பிராந்த்ர்.” அதை எடுத்துக்கொள்கிறேன் என்பது பொருள். பிசகில்லாமல் வந்துவிட்ட சந்தோஷத்தில் மாலை வகுப்பிலும் அதையே சொன்னேன். பாரிஸிலிருந்து வந்து எங்களோடு பேச்சுப் பயிற்சிக்கு உட்காரும் மாணவன் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான். ‘ல’ வர வேண்டிய இடத்தில் ‘இ’ போடுவது லியோன், கிரெனோபிள் பக்கத்து வழக்காம். தாத்தா பாட்டிகள் பேச்சாம். ஆசிரியை பலகையில் இரண்டையும் எழுதி, ஒன்றின் கீழ் ‘தேர்வு’ என்றும் மற்றதன் கீழ் ‘சந்தை’ என்றும் போட்டார். இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டார். வால்நட் வரிசையில் என்றேன். அதற்கு வேண்டிய சொற்கள் என்னிடம் அப்போது இருந்தன.